முப்பத்தொரு பூஜ்யங்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் மூவருக்கும்,

போன வாரம் நான் ஆய்வகத்துக்கு வந்திருந்தபோது, சுவரில் ஒட்டியிருக்கும் தாளைக் காட்டி உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "சார், வைட்டமின் சி கரைசலுக்கு இருபது நிமிஷம்தான் ஆயுள்னு போட்டிருக்கே, கொஞ்சம் ஓவரா இல்ல?" நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை, பதில் நீளம். சேலையூருக்குப் பஸ்ஸில் திரும்பும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஏழு நிறுத்தம் போதவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இங்கே தொழில்நுட்ப அலுவலராக முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன். செய்த எலெக்ட்ரோடுகள் நாலாயிரத்து நூற்றுப் பதினேழு. உடைந்தவை இதில் சேராது. எண்ணுவதைப் பற்றி என்னிடம் யாரும் குறை சொன்னதில்லை, அலுத்துக்கொண்டவர்கள் உண்டு.

நம் வேலை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மூளைக்குள் நரம்பணுக்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்குகின்றன. அது சில நொடிகள் இருந்துவிட்டுக் காணாமல் போகும். வெளியே எடுத்து வந்து அளக்கலாம் என்றால் வருவதற்குள் ஒன்றும் மிச்சமிருக்காது. உண்டாகிற இடத்திலேயே, மயக்கத்தில் உயிரோடிருக்கும் எலியின் மூளையிலேயே, தலைமயிரைவிட மெல்லிய கார்பன் இழையை வைத்துக் காத்திருக்க வேண்டும். வாயு இழையில் பட்டால் துளி மின்னோட்டம் வரும். அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் சாட்சி.

தொல்லை என்னவென்றால், மூளையில் வைட்டமின் சியும் இருக்கிறது. நாம் தேடும் வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். அதுவும் இழையில் பட்டால் அதே மின்னோட்டத்தைத் தரும். சாயங்காலம் ஆறு மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்து மேம்பாலத்தில் நின்றுகொண்டு, கீழே ஒருவர் பேனா மூடியைத் திறக்கும் சத்தத்தைக் கேட்கப் பார்ப்பது போல. அதனால் இழைக்கு ஒரு பாலிமர் பூச்சு பூசுகிறோம். அது வைட்டமின் சியை வெளியே நிறுத்தி, வாயுவை மட்டும் உள்ளே விடும். பூச்சு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, எலிக்குள் இறக்குவதற்கு முன் எலெக்ட்ரோடைக் குவளையில் வைத்து, வைட்டமின் சி கரைசலை நாலு சொட்டு விடுகிறோம். மின்னோட்டம் ஏறினால் பூச்சு ஒழுகுகிறது என்று அர்த்தம். தூக்கிப் போட வேண்டியதுதான்.

எத்தனை கவனமாகப் பூசினாலும் பத்தில் மூன்று ஒழுகும். இது என் சொந்தக் கணக்கு, முப்பத்திரண்டு வருஷக் கணக்கு. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் ஓய்வு பெற்ற வருஷக் கோடையில் விமலா என்ற பெண் முனைவர் பட்டத்துக்கான கடைசிச் சோதனைகளைச் செய்துகொண்டிருந்தாள். அனகாபுத்தூர்க்காரி. ஆய்வகத்துக்குள் வரும்போதே பேசிக்கொண்டு வருவாள், எலியை மேசையில் வைத்துவிட்டால் மூன்று மணி நேரம் வாய் திறக்க மாட்டாள். எலெக்ட்ரோடு இறங்கியதும், குளூட்டமேட் என்ற பொருளை மூளைக்குள் ஒரு துளி செலுத்துவாள். நரம்பணுக்கள் விழித்துக்கொள்ளும். திரையில் மின்னோட்டக் கோடு ஏறும், நிற்கும், இறங்கும். அந்த வடிவத்துக்கு அவள் 'மலை' என்று பேர் வைத்திருந்தாள். "சார், இன்னைக்குப் பல்லாவரம் மலை" என்பாள், சின்னதாக வந்தால். "இன்னைக்கு இமயமலை." பதினாலு எலிகள், பதினாலு மலைகள். அவள் ஆய்வேடு முழுவதும் அந்தப் பதினாலின் மேல் நின்றது.

எலிக்கு இரண்டு எலெக்ட்ரோடு வீதம் இருபத்தெட்டு, உபரியாக மூன்று. ஆக முப்பத்தொன்று. எல்லாம் நான் செய்து, நான் சோதித்துக் கொடுத்தவை. பதிவேட்டில் வைட்டமின் சிக்கு எதிரே முப்பத்தொரு இடத்திலும் பூஜ்யம் எழுதியிருந்தேன். ஒன்றுகூட ஒழுகவில்லை.

பத்தில் மூன்று ஒழுகும் என்று சற்று முன்தான் எழுதினேன். முப்பத்தொன்றில் ஒன்பதேனும் ஒழுகியிருக்க வேண்டும். அந்தக் கோடையில் நான் அதை நினைக்கவே இல்லை. கை தேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஓய்வு பெறப்போகிற மனிதனுக்குக் கடைசியில் எல்லாம் கூடி வந்திருக்கிறது என்று நினைத்தேன். விமலாவிடம் சொல்லியும் காட்டினேன். "பாத்தியா, முப்பத்தொண்ணும் க்ளீன்."

"உங்க கைக்கு மோதிரம் போடணும் சார்" என்றாள் அவள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து பத்துக்கு ராணியக்கா வந்தார். அவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அனிமல் ஹவுஸைப் பார்த்துக்கொள்பவர், எங்கள் கண்ணாடிச் சாமான்களையும் அவர்தான் கழுவுவார். அன்று கழுவ எடுத்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இன்னா சார் இது, டீ டிகாஷனா வெச்சிகினு கீறீங்க?"

"வைட்டமின் சிக்கா. வெள்ளையாதான் இருக்கும்."

"எங்க வெள்ள? பாருங்க, குயந்த ஒண்ணுக்குப் போன மாறி கீது."

பார்த்தேன். வெளிர் மஞ்சளாக இருந்தது. "இன்னைக்கு ஏதோ கலந்திருக்கும்" என்றேன்.

"இன்னைக்கா? தெனமும் இப்டிதான் கீது சார். காலைல தண்ணி மாறி இருக்கும், சாயங்காலம் மஞ்சளாப் பூடும். நான்தானே கழுவறேன், எனக்குத் தெரியாதா? லாரித் தண்ணி அப்டின்னு வுட்டுட்டேன்."

வைட்டமின் சி கரைசல் கெட்டுப்போனால் மஞ்சளாகும். இது கல்லூரியில் முதல் வருஷம் படிப்பவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் பாட்டிலைக் காலையில் தெளிவாகப் பார்த்தேன், மத்தியானம் பார்க்கவில்லை. மத்தியானம் நான் பார்த்ததெல்லாம் திரையைத்தான்.

நடந்தது இதுதான். முன்பெல்லாம் ஒவ்வொரு சோதனைக்கும் பொடியை அப்போதே நிறுத்துக் கரைப்பேன். அந்த வருஷம் தராசு அறையைப் புதுக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள். எண்பத்து நான்கு படி. என் வலது முழங்கால் அப்போதே சரியில்லை. காலையில் ஒரு தடவை ஏறி, நாள் முழுவதுக்குமாகக் கரைத்து வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. பதிவேட்டில் கரைசல் எப்போது தயாரித்தது என்ற கட்டத்தில் 'புதிது' என்று எழுதினேன். அன்று காலையில் செய்ததுதானே, புதிதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்தக் கோடையில் கிணறு வற்றி, மேடவாக்கம் பக்கமிருந்து லாரித் தண்ணீர் வந்தது. அதில் இருந்த உப்பில் நம் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் அடைத்துக்கொண்டது. புது வடிகட்டி வரும்வரை, பரண்மேல் கிடந்த, தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் பழைய கருவியை இறக்கி ஓட்டினேன். அதன் உள்ளே செம்புச் சுருள். தண்ணீரில் செம்பு துளி கலந்திருந்தாலே வைட்டமின் சி சீக்கிரம் செத்துப்போகும், அதுவும் ஏசி ஓடாத மத்தியான வெயிலில். ஆகவே முப்பத்தொரு எலெக்ட்ரோடையும் நான் செத்த கரைசலில் சோதித்திருக்கிறேன். செத்த கரைசல் மின்னோட்டம் தராது, பூச்சு ஒழுகினாலும் பூஜ்யம்தான் காட்டும்.

அன்று எண்பத்து நான்கு படியையும் இரண்டு தடவை ஏறினேன், முதல் தடவை நிறுத்த பொடி கை தவறிக் கொட்டிவிட்டது. புதுக் கரைசலோடு வந்து, அன்றைய எலிக்குப் பயன்பட்ட முப்பத்தொன்றாம் எலெக்ட்ரோடைக் குவளையில் வைத்து நாலு சொட்டு விட்டேன். கோடு மேலே போய் நின்றது. பல்லாவரம் மலை இல்லை, அதைவிடப் பெரியது.

உட்கார்ந்துவிட்டேன். ராணியக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "பேஜாரா சார்?" என்றார். ஆமாம் என்று தலையசைத்தேன்.

எவ்வளவு பேஜார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். குளூட்டமேட் கொடுத்தால் மூளையில் நைட்ரிக் ஆக்சைடு மட்டுமல்ல, வைட்டமின் சியும் ஏறும், அதே நேரத்தில், அதே வடிவத்தில். பூச்சு ஒழுகியிருந்தால் விமலாவின் மலைகள் வெறும் வைட்டமின் சியாக இருக்கலாம். எந்த மலை எது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, பழைய எலெக்ட்ரோடுகளை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க அவளுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. இரண்டு தடவை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருஷம் போச்சு. நெறிக்குழு அனுமதித்த எலிகள் பதினெட்டு, மிச்சம் நாலு. புது அனுமதிக்கு நாலு மாதம் ஆகும்.

எனக்கு ஓய்வு பெற ஏழு வாரம் இருந்தது. பாட்டிலைக் கழுவிவிட்டால் யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை முழுவதும் அதைத்தான் யோசித்தேன், மறைக்காமல் சொல்கிறேன். நம் துறையில் தவறு செய்தவர்களை நீங்கள் பார்ப்பீர்கள், அவர்களைத் துரத்தும் அந்தச் சனிக்கிழமை உங்களுக்கும் ஒரு நாள் வரும். எனக்கு அதைக் கடக்க உதவியது நல்ல மனசு ஒன்றும் இல்லை. வாய்மொழித் தேர்வில் யாராவது "பூச்சைச் சோதித்தீர்களா?" என்று கேட்டால், விமலா நிமிர்ந்து நின்று "சோதித்தோம் சார், முப்பத்தொன்றும் பூஜ்யம்" என்று சொல்வாள். அந்தக் குரலை என்னால் மனதில் கேட்க முடிந்தது. அதுதான் தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பல்லாவரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் அனகாபுத்தூர் போனேன். வழி கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். விமலாவின் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க. டெய்லி உங்க பேச்சுதான். இவ டாக்டராயிடுவான்னு சொன்னா, எதிர் வூட்டுக்காரம்மா எந்த ஆஸ்பத்திரின்னு கேக்குது. எலிக்குத்தான் வைத்தியம்னு சொன்னேன், மூணு நாளாச் சிரிக்குது. நீங்களாச்சும் அவங்களுக்குச் சொல்லிட்டுப் போங்க சார்."

"விமலா இருக்காளாம்மா?"

"மாடில துணி எடுக்கறா. சாப்ட்டுட்டுதான் போணும், கறி வாங்கியாந்திருக்கு."

மொட்டை மாடியில் விமலா கொடியிலிருந்து துணிகளை எடுத்துக் கிளிப்புகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "சார்! என்ன சார், ஞாயித்துக்கிழமை, மேடம் ஏதாவது திருத்தச் சொன்னாங்களா?" என்றாள். மேடம் என்பது எங்கள் ஆய்வகத் தலைவர், விமலாவின் நெறியாளர். அந்த வாரம் டெல்லியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்.

"விமலா, வைட்டமின் சி கரைசல் செத்துப்போனது. முப்பத்தொண்ணையும் நான் செத்த கரைசல்ல சோதிச்சிருக்கேன்" என்றேன்.

அந்த வார்த்தைகளுக்கு மேலே ஒரு விமானம் வந்துவிட்டது. விமான நிலையத்தை ஒட்டிய அனகாபுத்தூரில் அவை தலையை உரசுவது போல இறங்கும். விமலா வழக்கப்படி பேச்சை நிறுத்தி, கையில் ஒரு சட்டையோடு, விமானம் போகும்வரை சிரித்த முகத்தோடு நின்றாள். அந்த இருபது நொடி மாதிரி ஒன்றை நான் அனுபவித்ததில்லை. ஒரு தடவை சொல்வதற்கான தைரியம்தான் கொண்டுபோயிருந்தேன்.

"கேக்கல சார், என்ன செத்துப்போச்சு?"

மறுபடி சொன்னேன். முழங்கால், படி, செம்புச் சுருள், மஞ்சள், எல்லாம் சொன்னேன். 'புதிது' என்று எழுதியதையும் சொன்னேன். அவள் கிளிப்புகளை எடுப்பதை நிறுத்தவில்லை. கொடி காலியான பிறகும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை ஒழுகியிருக்கும்?"

"தெரியாது. கடைசி ஒண்ணு ஒழுகுது. அது நிச்சயம்."

"நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம் சார்."

"ஆமா."

"சொல்லாம இருந்திருந்தா நான் இன்னைக்கு கறிக்குழம்பு சாப்பிட்டுத் தூங்கியிருப்பேன்." டப்பாவை மூடினாள். "கீழ போங்க சார். நான் அஞ்சு நிமிஷத்துல வரேன். அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க."

பதினேழு நிமிஷம் கழித்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்து, தன் அம்மா பரிமாறியதைச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன் என்று தெரியாமல். எழுந்திருக்கும்போது, "மிச்சம் நாலு எலி இருக்குல்ல சார்?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை மேடத்திடம் இருவரும் போய் நின்றோம். நான் சொன்னதை அவர் குறுக்கிடாமல் கேட்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். என்னைப் பார்க்காமல் விமலாவிடம் கேட்டார்:

"நாலு எலிய வெச்சு என்ன செய்யப் போறே?"

"அந்தப் பதினாலு மாதிரியே நாலு பண்ணி, மலை அதே மாதிரி வந்தா, பழசும் சரின்னு..."

"அப்படிச் செய்யாதே. பழசைக் காப்பாத்தறதுக்குப் புதுசைச் செலவழிக்காதே. உன்னை யாராவது கேக்கக்கூடிய ஒரே கேள்வி என்ன?"

விமலா யோசித்தாள். "இது நைட்ரிக் ஆக்சைடுதானா."

"அதைக் கேளு. எலிகிட்ட கேளு."

இந்த இடத்தை நீங்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும். என் பதற்றத்துக்கு நான் அந்த நாலு எலியையும் பழைய கணக்கைச் சரிக்கட்டச் செலவழித்திருப்பேன். மேடம் சொன்ன வழி வேறு. மூளையில் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குவது ஒரு நொதி. அதை நிறுத்தும் மருந்து இருக்கிறது. ஒரே எலியில் முதலில் குளூட்டமேட் கொடுத்து மலையைப் பார்ப்பது, பிறகு அந்த மருந்தைக் கொடுத்து நாற்பது நிமிஷம் காத்திருந்து, மறுபடி குளூட்டமேட் கொடுப்பது. மலை சரிந்தால் அது நைட்ரிக் ஆக்சைடு. சரியாமல் நின்றால் வைட்டமின் சி.

எலியைத் தொடும் முன் மேடம் ஒரு தாளில் எங்களை எழுத வைத்தார்: எலெக்ட்ரோடை எலிக்கு முன்பும் பின்பும் அப்போதே கரைத்த கரைசலில் சோதிப்போம், பின்பு ஒழுகினால் அந்த எலியின் முடிவு, எங்களுக்குப் பிடித்ததானாலும் பிடிக்காததானாலும், கணக்கில் சேராது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

புதிதாகப் பன்னிரண்டு எலெக்ட்ரோடு செய்தேன். ஐந்து ஒழுகின. அந்த ஐந்தைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட நிம்மதியை வேறு எந்த வெற்றியும் தந்ததில்லை.

முதல் எலி. ராணியக்கா அதைக் கொண்டுவந்து, "நாலுல ஒண்ணு" என்று சொல்லிக் கொடுத்தார். அனிமல் ஹவுஸ் கரும்பலகையில் நாலை அழித்து மூன்று எழுதியிருந்தார். மலை வந்தது. மருந்து கொடுத்தோம். நாற்பது நிமிஷம். மறுபடி குளூட்டமேட். மலை அதே உயரத்தில் வந்தது. ஒரு துளி குறையவில்லை.

விமலா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான்தான் பேசினேன். "மருந்து பழசா இருக்கும். போன வருஷம் வாங்கினது. இன்னொரு தடவை கூடக் கொடுத்துப் பார்க்கலாம்."

"சார்," என்றாள், திரும்பாமல். "நமக்குப் பிடிச்ச பதில் வந்திருந்தா மருந்து நல்ல மருந்து. பிடிக்காத பதில் வந்தா மருந்து பழைய மருந்தா?"

எலெக்ட்ரோடை வெளியே எடுத்துப் புதுக் கரைசலில் சோதித்தோம். கோடு ஏறியது. எலிக்குள் இறக்கும்போது பூச்சு உரிந்திருக்கிறது. தாளில் எழுதியபடி அந்த எலி கணக்கில் இல்லை. இதை நாங்கள் பிறகு யோசித்திருந்தால் எனக்கே நம்பிக்கை வந்திருக்காது. முன்னாலேயே எழுதி வைத்ததால்தான் அவளால் அதை விலக்க முடிந்தது, அப்போதும் சந்தோஷமாக விலக்கவில்லை.

இரண்டாவது எலி. மலை வந்தது. மருந்துக்குப் பிறகு மலை நாலில் ஒரு பங்காகச் சரிந்தது. பின்சோதனையில் பூச்சு ஒழுகவில்லை. விமலா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் அறையை விட்டு வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றேன், அந்த நேரத்தில் அவளுக்கு என் முகம் தேவையில்லை என்று பட்டது.

மூன்றாவது எலியில், காத்திருக்கும் நாற்பது நிமிஷத்தில் முப்பத்தொன்றாவது நிமிஷம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் மாறியபோது கோடு துள்ளி விழுந்தது. துள்ளலுக்கு முன்னும் பின்னும் வெட்டி ஒட்டினால் அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். "வேணாம் சார்" என்றாள். நான் எதுவும் சொல்லவே இல்லை.

நாலாவது எலியை ராணியக்கா இரண்டு கையாலும் கொண்டுவந்தார். "இதுதான் கடைசி. நல்லாப் பாத்துக்கோம்மா" என்றார். மலை வந்தது. மருந்து. நாற்பது நிமிஷத்தையும் நான் நின்றுகொண்டே கடத்தினேன். மலை சரிந்தது, பூச்சு பின்னாலும் தாங்கியது.

ஆக நாலில் இரண்டு. விமலா பத்து நாளில் ஆய்வேட்டைத் திரும்ப எழுதினாள். பழைய பதினாலு மலைகளையும் தனி அத்தியாயமாக வைத்து, 'இவை என்னவென்று எங்களுக்குத் தெரியாது' என்று தலைப்பிட்டாள். மேடம் அந்தத் தலைப்பைத் திருத்தவில்லை. கடைசி நாளுக்கு ஒரு நாள் முன்பு ஆய்வேடு போனது. அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் அதிகமானது. பதினாலைச் சாட்சியாகக் கொண்டுபோயிருக்க வேண்டிய பெண் இரண்டைக் கொண்டு போகிறாள். போதாது என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்ப எந்தத் தேர்வாளருக்கும் உரிமை உண்டு.

வாய்மொழித் தேர்வு நடந்தபோது நான் ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. கருத்தரங்கக் கூடத்தின் கடைசி வரிசையில் ராணியக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், மெதுவாகப் பேசுபவர். விமலா ஆங்கிலத்தில் தொடங்கினாள், அவர் தமிழிலேயே கேட்டார்.

"இது நைட்ரிக் ஆக்சைடுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினாலு எலியில எனக்குத் தெரியாது சார். ரெண்டுல தெரியும்."

கூடத்தில் சிலர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டுதானா?"

"ரெண்டுதான் சார்."

"பதினாலுல ஏன் தெரியாது?"

அவள் சொன்னாள். செத்த கரைசல், செம்பு, மஞ்சள் நிறம், முப்பத்தொரு பூஜ்யம். எதையும் குறைக்கவில்லை. பதிவேட்டின் பக்கத்தையே திரையில் காட்டினாள், என் கையெழுத்தில் 'புதிது' என்ற சொல்லோடு. தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தக் கரைசலைத் தயாரிச்சது யாரு?"

நான் எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் இடித்துச் சத்தம் போட்டது. எல்லோரும் திரும்பினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் விமலாவின் குரல் வந்தது.

"அந்தப் பக்கத்துக்குக் கீழ இருக்கிற கையெழுத்து என்னோடது சார். பாட்டிலை ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்காம முப்பத்தொரு தடவை கையெழுத்துப் போட்டிருக்கேன்." பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, ஆய்வகத்தில் பேசும் அதே குரலில், "சார், நீங்க உட்காருங்க" என்றாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். ராணியக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "குந்து சார். அது பாத்துக்கும்."

உட்கார்ந்தேன்.

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்த ரெண்டையும் மறுபடி காட்டும்மா" என்றார். விமலா இரண்டாவது எலியைக் காட்டினாள், நாலாவதைக் காட்டினாள். மருந்துக்கு முன், மருந்துக்குப் பின். கணக்கில் சேராத முதலாவதையும், வெட்டி ஒட்டாத மூன்றாவதையும் அவர் கேட்காமலேயே காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை, நான் எண்ணவில்லை. பிறகு முன்னால் இருந்த தேர்ச்சித் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டபடி ஏதோ மெதுவாகச் சொன்னார். அவர் உதட்டசைவும் மேடத்தின் சிரிப்பும் மட்டும்தான் எங்கள் வரிசையிலிருந்து தெரிந்தன.

"இன்னா சார் சொல்றாரு?" என்று ராணியக்கா என் காதருகே கேட்டார்.

"ரெண்டு போதுமாம்" என்றேன்.